மல்லாந்து கிடந்த ஆறு மணி நேரம்

எலும்பு உடைந்ததைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள். தோலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது தோல் ஒரு விஷயமாகத் தெரியவில்லை. இருபத்து நான்கு வருடமாக அது பாட்டுக்கு மேலே கிடந்தது, அவ்வளவுதான். இப்போது யாராவது தங்கள் வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று சொன்னால், என்ன நோய் என்று கேட்பதற்கு முன்பே, கடைசியாக எப்போது திருப்பிப் படுக்க வைத்தீர்கள் என்றுதான் கேட்கிறேன். என்னை அப்படி மாற்றிய நாட்களை எழுதுகிறேன். இதில் நான் செய்த ஒரு காரியமும் வரும். அதை விட்டுவிட்டு எழுதினால் இது யாருக்கும் உதவாது.

ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. டிப்ளமோ முடித்து நான்கு வருடம். ஒரே இடத்தில் அதிக நாள் இருந்தால் எனக்குக் கால் நிற்காது. அதனால் போச்சம்பள்ளியில் வேறொரு கம்பெனியின் நேர்காணலுக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். மேம்பாலம் கட்டும் இடத்தில் வண்டிகளை சர்வீஸ் ரோட்டுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். வளைவில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. வண்டி சறுக்கியது. உட்கார்ந்த வாக்கிலேயே போய் விழுந்தேன். ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. சட்டென்று எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். நினைப்பு இடுப்போடு நின்றுவிட்டது.

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கட்டைகள். நடுவில் தண்டுவடம் என்ற நரம்புக் கற்றை ஓடுகிறது. எனக்கு இடுப்புக்குச் சற்று மேலே ஒரு கட்டை நொறுங்கி, அதன் சில்லு தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. ஓசூர் மருத்துவமனையில் ஸ்கேன் அறைக்கு வெளியே அம்மா நான்கு மணி நேரம் காத்திருந்தாள். ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கட்டிய புடவையோடு வந்தவள், என் செருப்பு இரண்டையும் ஒரு பாலிதீன் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டிருந்தாளாம். மூன்றாம் நாள் கம்பியும் திருகாணியும் வைத்து முதுகை நிமிர்த்தினார்கள். கால் திரும்ப வருமா என்று கேட்டதற்கு, இப்போது எதுவும் சொல்ல முடியாது, பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்றார் டாக்டர்.

அந்தப் பயிற்சி பெங்களூருவில் ஒரு மறுவாழ்வு மையத்தில். அங்கே படுக்கை கிடைப்பது பெரும்பாடு. டாக்டர் தானே போன் போட்டுப் பேசி, பதினெட்டாம் நாளுக்கு ஒரு இடம் வாங்கிவிட்டார். நிபந்தனை ஒன்றே ஒன்று: உடம்பில் திறந்த புண் இருக்கக் கூடாது. இருந்தால் ஆறிய பிறகு வா என்பார்கள், இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இதைச் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போனார். எனக்கு ஏன் புண் வரப் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் வரும் என்று சொல்லித் தந்தவர் கலாவதி சிஸ்டர். ஆனேக்கல் பக்கத்துக்காரர். எங்களோடு தமிழ், வார்டு ஆயாம்மாவோடு தெலுங்கு, கோபம் வந்தால் கன்னடம். நாமெல்லாம் தூக்கத்தில்கூடப் புரண்டு புரண்டு படுக்கிறோம். ஒரு இடம் வலித்தால் உடம்பு தானே நகர்ந்துகொள்கிறது என்று தொடங்கினார். எனக்கு இடுப்புக்குக் கீழே வலி தெரியாது, அதனால் நகராது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கும். நசுங்கிய இடத்துக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத சதை சாகத் தொடங்கும். அதுதான் படுக்கைப் புண். முதலில் நிறம் மாறும், பிறகு தோல் உரியும், பிறகு பள்ளம் விழும், கடைசியில் எலும்பு தெரியும். வால் எலும்புக்கு மேலே, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், கணுக்கால் என்று எலும்பு மேட்டுக்கு வந்த இடமெல்லாம் ஆபத்து.

"உன் கால்ல முள்ளு குத்துனாலும் உனக்குத் தெரியாதுப்பா. இனிமே அதுக்கு நம்ம கண்ணுதான் வலி" என்றார்.

எனக்கு இது பிடித்துவிட்டது. தரப் பரிசோதனைக்காரனிடம் இப்படி ஒன்றைச் சொன்னால் சும்மா இருப்பானா. அன்று மதியமே போனில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடது, வலது, மல்லாந்து என்று மாற்ற வேண்டும். பக்கவாட்டில் முழுக்கச் சாய்க்காமல் தலையணை கொடுத்துப் பாதி சாய்க்க வேண்டும். நகர்த்தும்போது இழுக்கக் கூடாது. அடியில் குறுக்காக ஒரு விரிப்பைப் போட்டு, இருவர் அதைப் பிடித்துத் தூக்க வேண்டும். இழுத்தால் மேல்தோல் மெத்தையோடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே எலும்பு நகரும், நடுவில் இருப்பது கிழியும். தலைப்பக்கம் கட்டிலை அதிகம் உயர்த்தினாலும் அதே கதை. உடம்பு கீழே வழுக்கும், தோல் வழுக்காது. வியர்வையோ சிறுநீரோ பட்டு ஈரமாக இருக்கக் கூடாது. சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது.

இதையெல்லாம் ஒரு செக் ஷீட்டாகப் போட்டேன். நேரம், எந்தப் பக்கம், தோல் நிறம், குதிகால், விரிப்பில் சுருக்கம், திருப்பியவர் பெயரின் முதலெழுத்து. என் அறை நண்பன் இசக்கி அதை ஜெராக்ஸ் கடையில் இருபது பிரதி எடுத்து அட்டையில் செருகிக் கட்டிலின் பக்கக் கம்பியில் தொங்கவிட்டான்.

இசக்கி திருநெல்வேலிக்காரன். எங்கள் கம்பெனியிலேயே, தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பில் இருக்கிறான். அந்த மாதம் அவனுக்கு இரவு ஷிஃப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்துவிடுவான். அவன் வந்தால்தான் அம்மா குளித்து, துவைத்து, ஒரு வாய் சாப்பிட முடியும். குதிகால் மெத்தையில் படாமலிருக்கக் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைப்போம். இசக்கி குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவில் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்து, "கேஜ் உள்ள போகுதுல, பீஸ் ஓகே" என்பான். அளவுக் கருவி நுழைந்தால் பொருள் சரி என்று தொழிற்சாலையில் சொல்வது அது. அம்மாவுக்குப் புரியாது, ஆனாலும் சிரிப்பாள். அவளும் அவள் பங்குக்கு ஒன்று செய்தாள். மருத்துவமனை விரிப்பு சொரசொரப்பாக இருக்கிறதென்று தன் பழைய வாயில் புடவையைத் தையல் இல்லாமல் கிழித்து, சுருக்கம் விழாமல் இழுத்துச் செருகினாள். சிஸ்டர் அதைத் தடவிப் பார்த்துத் தலையாட்டியதில் அம்மாவுக்கு அன்று முழுக்கப் பெருமை. தோல் உறுதியாக இருக்கச் சத்து வேண்டும் என்றதும் அப்பா ஊரிலிருந்து நாட்டுக்கோழி முட்டையாக அனுப்பத் தொடங்கினார். நாளைக்கு மூன்று. எனக்கு முட்டை வாசனையே பிடிக்காமல் போனது.

முதல் பத்து நாள் தோலில் ஒரு புள்ளி இல்லை. எனக்குக் கர்வம் வந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இடுப்பு எலும்பு உடைந்து கிடந்த பெரியவரின் மகளுக்கு வகுப்பே எடுத்தேன். அவர் அப்பாவுக்கு இடுப்புக்கு அடியில் வைக்க ரப்பர் வளையம் வாங்கி வந்திருந்தார். வேண்டாம், வளையம் சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்தத்தை நிறுத்தும் என்று திருப்பிக் கொடுக்க வைத்தேன்.

பதினோராம் நாள், வியாழக்கிழமை. நிலக்கடலையை எங்கள் ஊரில் கல்லக்காய் என்போம். அதைப் பிடுங்க ஆள் வந்திருந்தது. அப்பா ஒருவராகச் சமாளிக்க முடியாது. அம்மா விடியற்காலை பஸ்ஸில் போய் மாலைக்குள் வந்துவிடுவதாக ஏற்பாடு. பகல் முழுக்க இசக்கி.

எட்டு மணிக்கு அவனும் ஆயாம்மாவும் என்னை மல்லாத்தி, இட்லி சாப்பிடத் தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள். சாப்பிட்டு முடித்து ஆயாம்மா போனார். இசக்கி கட்டிலை இறக்க எழுந்தான். நான்தான் இப்போது வேண்டாம் என்றேன். வரைபட மென்பொருள் ஒன்றில் நான் ஆன்லைனில் படித்துவந்த சான்றிதழ் படிப்புக்கு அன்று இறுதித் தேர்வு. ஒன்பது மணிக்குத் தொடங்கி மூன்று மணி நேரம். நடுவில் விட்டால் அதோடு போயிற்று. படுக்கையில் கிடந்தாலும் நான் சும்மா கிடக்கவில்லை என்று எனக்கே காட்ட அது வேண்டியிருந்தது. இசக்கி பெஞ்சில் உட்கார்ந்தான். இரவு முழுக்க பிரஸ் ஓட்டியவன், சேஃப்டி ஷூவைக்கூடக் கழற்றாமல் சாய்ந்து தூங்கிவிட்டான்.

பத்து மணிக்கு போனில் அலாரம் அடித்தது. அணைத்தேன். அவனைப் பார்த்தேன். வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பப் பாவமாக இருந்தது என்பது உண்மை. எழுப்பினால் பத்து நிமிடம் போய்விடும், கேள்வி இன்னும் முப்பது இருக்கிறது என்பதும் உண்மை. கீழே அழுத்தத்தைக் குறைக்கும் காற்று மெத்தை போட்டிருக்கிறதே, ஒருமுறை தவறினால் என்ன என்று நினைத்தேன். எனக்கு எங்கேயும் வலிக்கவுமில்லை.

பக்கக் கம்பியில் தொங்கிய அட்டையைக் கையெட்டி எடுத்தேன். பத்து மணிக் கட்டம் காலியாக இருந்தது.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும். ஆடிட்டுக்கு வருபவர் முதலில் பார்ப்பது காலிக் கட்டத்தைத்தான். தவறாக நிரப்பியதற்குக் காரணம் சொல்லித் தப்பிக்கலாம். காலியாக விட்டதற்கு மெமோதான். அதனால் ஷிஃப்ட் முடியும்போது எட்டு மணி நேரக் கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்புபவர்கள் உண்டு. ஒரே பேனா, ஒரே சாய்வு. அப்படிப்பட்டவர்களைப் பிடிப்பதே என் வேலை. நான் பேனாவை எடுத்து, "இடது" என்று எழுதி, டிக் போட்டு, பக்கத்தில் "இ" என்று போட்டேன். பன்னிரண்டு மணிக்கு "வலது", டிக், "இ". யோசிக்கவே இல்லை. கை தானாகப் போனது.

தேர்வில் எண்பத்தாறு மதிப்பெண்.

ஒரு மணி வாக்கில் இசக்கி திடுக்கிட்டு விழித்தான். திருப்பவில்லையா என்று கேட்டான். ஆயாம்மா வந்து திருப்பிவிட்டார், சாப்பாட்டுக்காக மறுபடி மல்லாத்தினார், உன் பெயரைப் போட்டுவிட்டேன், நீ போய்ச் சாப்பாடு வாங்கிக்கொண்டு வா என்றேன். போனான்.

இரண்டு மணிக்கு கலாவதி சிஸ்டரும் ஆயாம்மாவும் வந்தார்கள். வலது பக்கம் என்று எழுதியிருக்கிறது, மல்லாந்து இருக்கிறாயே என்றார் சிஸ்டர். இப்போதுதான் சாப்பிட வசதியாக மாற்றினான் என்றேன். இருவரும் விரிப்பைப் பிடித்து என்னை ஒருக்களித்துத் திருப்பினார்கள். சிஸ்டர் எனக்குப் பின்னால் துணியை விலக்கினார்.

"நோடு" என்றார் சிஸ்டர் ஆயாம்மாவிடம். பார் என்பதற்குக் கன்னடம்.

டார்ச் அடித்துப் பார்த்தார். சிவந்த தோலில் விரலை அழுத்தி எடுத்தால் வெளுத்து, மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் ரத்தக் குழாய் நசுங்கிவிட்டது என்று பொருள். என்னைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பும் தெரியாது, வெளுப்பும் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அடர்ந்திருக்கிறதா, சுடுகிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிஸ்டர் புறங்கையை வைத்துப் பார்த்தாராம். சுட்டது. என் போனில் படம் எடுத்துக் காட்டினார். வால் எலும்புக்கு மேலே, உள்ளங்கையில் பாதி அளவுக்கு, கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் ஒரு திட்டு. இசக்கி தினமும் போலக் காலை எட்டு மணிக்கு, மல்லாத்தும்முன் எடுத்த படத்தில் அது இல்லை.

அந்த நேரத்தில் இசக்கி சாப்பாட்டுப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான். சிஸ்டர் அட்டையைக் கையில் வைத்திருந்தார். யார் இந்த "இ" என்று கேட்டார். இசக்கி அட்டையைப் பார்த்தான், பக்கத்தில் நின்ற ஆயாம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நாந்தான் சிஸ்டர்."

"தனியா திருப்புனியா? ஆள் கூப்பிடாம?"

அவன் பொட்டலத்தை மறு கைக்கு மாற்றினான்.

"தூக்குனியா, இழுத்தியா?"

"தெரியாம இழுத்துட்டேன் சிஸ்டர்" என்றான்.

அவனை அவர் கன்னடத்திலும் தமிழிலுமாக ஐந்து நிமிடம் திட்டினார். அவன் பொட்டலத்தைப் பிடித்தபடி நின்றான். சாம்பார் ஒழுகி அவன் கையில் வழிந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கு நானே சரியாக விளக்கிக்கொள்ள முடியவில்லை. அந்தப் படத்தைப் பார்த்த பயம் ஒன்று. பெரியவரின் மகள் பார்த்துக்கொண்டிருந்தார், அது ஒன்று.

மாலை அம்மா வந்து விஷயத்தைக் கேட்டாள். விளக்கெண்ணெய் தடவித் தேய்த்துவிட்டால் ரத்தம் ஓடும் என்று பாட்டிலை எடுத்தாள். ஏற்கனவே நசுங்கிய குழாய்களைத் தேய்த்தால் இன்னும் கிழியும் என்று தடுத்தேன். கோபித்துக்கொண்டு பாட்டிலைப் பையில் திணித்தாள். பிறகு இசக்கியிடம் போய், ராத்திரி வேலை பார்த்துவிட்டு வருகிற பிள்ளை, ஏன் சிரமப்பட வேண்டும், கொஞ்ச நாள் அறையிலேயே தூங்கு என்று பக்குவமாகச் சொன்னாள். வராதே என்று சொன்னதாக ஆகாது, ஆனால் அதுதான். அவன் சரிங்கம்மா என்று போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். அட்டையை வாங்கிப் பார்த்தார். நான் அழகாகப் போட்ட கட்டங்கள், ஒன்றும் விடாமல் நிரப்பியவை. அவர் முகம் அதைப் பார்த்துத்தான் மாறியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒழுங்காகத் திருப்பியும், ஒரு தடவை இழுத்ததற்கே தோல் இப்படி ஆகிறதென்றால், இந்தத் தோல் தாங்காது என்றார். ரத்தத்தில் புரதம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். இனி மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். பெங்களூருப் பயணத்தை ஒரு மாதம் தள்ளிவைக்கலாம், அங்கே நானே சொல்லிவிடுகிறேன் என்றார். அந்த இடம் போனால் அடுத்தது எப்போது என்று அம்மா கேட்டாள். அவர் தோளைக் குலுக்கினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுதிய இரண்டு எழுத்தை வைத்து, படித்த ஒருவர் என் உடம்பைப் பற்றித் தப்பான கணக்குப் போடுகிறார். அவர்மேல் குற்றமில்லை. எங்கள் தொழிற்சாலையில் நான் ஓயாமல் சொல்லும் விஷயம் இது: அளவு பொய்யென்றால் அதை வைத்து எடுக்கும் முடிவும் பொய்.

அப்படியும் வெள்ளிக்கிழமை சொல்லவில்லை. இரவு முழுக்க மணிக்கு ஒருமுறை அம்மாவும் ஆயாம்மாவும் திருப்பினார்கள். ஆயாம்மாவுக்கு வேறு பதினாறு கட்டில்கள். அவர் வரத் தாமதமானால் அம்மா தனியாகத் தூக்கப் பார்ப்பாள். சனிக்கிழமை காலையில் அவள் இரண்டு மணிக்கட்டும் வீங்கியிருந்தன. கட்டில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்தே தூங்கினாள். திட்டின் நடுப்பகுதி ஊதா நிறத்துக்குப் போயிருந்தது. சிஸ்டர் அதை அதிக நேரம் பார்த்தார். சில புண்கள் மேலிருந்து உள்ளே போகும். சில புண்கள் உள்ளே எலும்பருகில் தொடங்கி, மூன்று நான்கு நாள் கழித்து ஒரேயடியாக மேலே வெடிக்கும் என்று ஏற்கனவே சொல்லியிருக்கிறார். இது எந்த வகை என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"இழுத்ததுக்கு இப்படி ஆவாதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"சிஸ்டர், அன்னைக்கு யாரும் இழுக்கல."

அவர் கை நின்றது.

"எட்டு மணிலருந்து நீங்க வர்ற வரைக்கும் மல்லாந்துதான் இருந்தன். தலப்பக்கமும் இறக்கல. அந்த ரெண்டு டிக்கும் நான் போட்டது. இசக்கி தூங்கிட்டு இருந்தான். நான் எழுப்பல."

"ஆறு மணி நேரம்" என்றார்.

"ஆமா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முன்பக்கம் வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலியா விட்டிருந்தா நான் அன்னைக்கே கேட்டிருப்பேன்பா. காலியா இருந்தா ஏதோ நடக்கலன்னு எனக்குத் தெரியும். நீ ரொப்பி வெச்சிட்ட."

என் வேலையைப் பற்றி நான்கு வருடத்தில் யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை.

பிறகு விளக்கினார். ஆறு மணி நேரம் அசையாமல் அழுத்தியதும், தலையை உயர்த்தியதால் வழுக்கியதும் சேர்ந்திருக்கிறது. ஆகவே உள்ளே அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம், திங்கட்கிழமைவரை பயம்தான். ஆனால் என் தோல் பலவீனமானதல்ல. ஆறு மணி நேரத்துக்கு எந்தத் தோலும் இப்படித்தான் ஆகும். டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும். நானே சொல்கிறேன் என்றேன். சிவப்புப் பேனாவால் அந்த இரண்டு டிக்கையும் அடித்து, "திருப்பவில்லை" என்று எழுதி, என்னையே கையெழுத்துப் போட வைத்தார்.

இசக்கிக்காகத்தான் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பெங்களூருத் தேதியும் அதில் இருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

அம்மா தூங்கவில்லை, எல்லாம் கேட்டிருக்கிறாள்.  இசக்கிக்குப் போன் போடச் சொல்லி, என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"சாப்பிட்டியாப்பா?" என்றாள். அந்தப் பக்கம் அவன் ஏதோ சொன்னான். "காலைல வந்துருப்பா. நீ இல்லாம என்னால ஆவல" என்றாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் கொடுத்தாள்.

நான் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அவன் பெயரைச் சொன்னேன்.

"ஏல, எல்லாம் தெரியும். ஆயாம்மா மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. நாந்தான் தூங்கிட்டம்லா, எனக்கும் பங்கு உண்டு."

"அப்பறம் ஏண்டா இழுத்தேன்னு சொன்ன?"

"சிஸ்டர் கேட்டாவ. ஏதாவது சொல்லணும்லா." கொட்டாவி விட்டான். பிறகு, "எத்தன மார்க்கு?" என்றான்.

"எம்பத்தாறு."

"வெளங்கும்" என்று வைத்துவிட்டான்.

ஞாயிறு காலையில் வந்தான். அம்மாவைத் தூங்க அனுப்பிவிட்டு, ஆயாம்மாவோடு சேர்ந்து என்னைப் பக்கத்துக்குப் பக்கம் தூக்கிப் போட்டான். மல்லாந்து படுப்பதே கிடையாது என்று ஆகிவிட்டது. இடது, வலது, கொஞ்ச நேரம் குப்புற. அந்த இடத்தில் எதுவும் படக் கூடாது. துணி ஈரமானால் உடனே மாற்றி, ஒற்றித் துடைத்து, ஈரம் அண்டாமலிருக்கக் களிம்பை மெல்லியதாகப் பூசுவார்கள். செய்வதற்கு வேறொன்றும் இல்லை. என்னைப் போன்றவனுக்கு அதுதான் கொடுமை. ஏதாவது மருந்து, ஏதாவது கருவி இருந்தால் படித்துப் பார்ப்பேன், நச்சரிப்பேன். படாமல் விட்டுக் காத்திருப்பதுதான் மருத்துவம் என்றால் என்ன செய்ய. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் இசக்கியின் முகத்தைப் பார்ப்பேன். அவன் முகத்தில் எதையும் காட்ட மாட்டான். சீட்டாட்டத்தில்கூட அவன் அப்படித்தான்.

திங்கட்கிழமை காலை சிஸ்டர் புறங்கையை வைத்தார். பக்கத்துத் தோலையும் தொட்டார். மறுபடி வைத்தார். சூடு இல்லை. கெட்டியாக இருந்த இடம் இளகியிருந்தது. ஊதா, பழுப்பாக மாறத் தொடங்கியிருந்தது. மேலே வெங்காயச் சருகு போல மெல்லிய தோல் ஒன்று உரிந்தது. அடியில் முழுத் தோல் இருந்தது. "பச் கயா", தப்பித்தது, என்று இந்தியில் சொன்னார், எதற்கு இந்திக்குப் போனார் என்று தெரியவில்லை. டாக்டரிடம் முந்தின நாளே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டார். அன்று மாலை வந்து, பதினெட்டாம் நாள் போகலாம், வழியில் ஒருமுறை நிறுத்தித் திருப்ப வேண்டும் என்றார். காப்பீட்டுக்குள் அடங்காத பில்லைக் கட்ட அப்பா வந்தார்; என்னிடம் கல்லக்காய் விளைச்சலைப் பற்றி மட்டும் பேசினார்.

ஆம்புலன்ஸில் அம்மாவும் இசக்கியும். அத்திப்பள்ளி தாண்டி ஓரமாக நிறுத்தி, டிரைவரும் இசக்கியும் என்னை வலமிருந்து இடமாக மாற்றினார்கள். மறுவாழ்வு மையத்தில் சேர்க்கும்முன் ஒரு நர்ஸ் தலைமுதல் குதிகால்வரை முழுத் தோலையும் பார்த்தார். காதின் பின்புறம்கூட. வால் எலும்பருகே வந்ததும் நின்றார். நடந்ததை அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன், மணிக்கணக்கோடு. எழுதிக்கொண்டார். அம்மா என் கைக் கட்டைவிரலைப் பிடித்திருந்தாள், அதில் எனக்கு உணர்ச்சி உண்டு. "திறந்த புண் இல்லை" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது இங்கே ஐந்தாவது வாரம். வலது தொடையில் லேசாக ஏதோ ஊர்வது போலத் தெரிகிறது. அது நரம்பு திரும்புவதா, என் ஆசையா என்று யாரும் சொல்லவில்லை. சேர்ந்த வாரமே நீளக் கைப்பிடி வைத்த ஒரு கண்ணாடியைக் கொடுத்தார்கள். தினமும் காலையிலும் மாலையிலும் என் பின்பக்கத்தை நானே பார்க்க வேண்டும். சக்கர நாற்காலியில் உட்காரும் பயிற்சி தொடங்கியபோது முதலில் பத்து நிமிடம், பிறகு இருபது. கால் மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். சென்ற ஞாயிற்றுக்கிழமை முதல் முறையாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து வெளித் தோட்டம்வரை நானே ஓட்டிப் போக அனுமதி கிடைத்திருந்தது. அதைப் பார்க்க இசக்கி வருவதாகச் சொன்னான். வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை கண்ணாடியில் பார்த்தால், இடது புட்டத்தின் உட்கார்ந்தால் அழுந்தும் எலும்பின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு அடர்ந்திருந்தது. நர்ஸ் அப்போது அறையில் இல்லை. அவர் முந்தின நாளே அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். கண்ணாடியைக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன். வெளிச்சத்தின் கோளாறோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு மணியை அடித்து நர்ஸைக் கூப்பிட்டேன்.

தொட்டுப் பார்த்தார். இன்றும் நாளையும் நாற்காலி கிடையாது என்றார். குப்புறப் படுக்க வைத்து, கால்களுக்கு அடியில் தலையணை கொடுத்துவிட்டுப் போனார்.

பதினொரு மணிக்கு இசக்கி வந்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசலில் அவன் ஷூ.

"ஏல, நாற்காலி எங்க? நீ என்ன இப்படிக் கெடக்க?"

"காலைல ஒரு திட்டு பாத்தன். இன்னைக்கு உக்காரக் கூடாது."

"யாரு பாத்தா?"

"நாந்தான்."

"ரயில்ல நின்னுக்கிட்டே வந்திருக்கேன்ல, நீ ஓட்டுததப் பாக்கணும்னு" என்றான். ஷூ இரண்டும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றன. பிறகு அவற்றைக் கழற்றி ஓரமாக வைக்கும் சத்தம் கேட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அப்போதுதான் அவன் முகம் என் முகத்துக்கு நேராக வந்தது.